படம் நல்லா வரைவேன், இதை வேலையா ஆக்குறது எப்படி? புதுசா வர்ற இல்லஸ்ட்ரேட்டர்களுக்கு

எனக்கு வர்ற மெசேஜ்ல பெரும்பாலும் அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வரும். எந்த டேப்லெட் வாங்கணும், ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சே ஆகணுமா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்போ வரும், ஒரு படத்துக்கு எவ்ளோ கேக்கலாம். எல்லாத்துக்கும் கீழ பதில் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி நீங்க உங்களையே கேட்டுக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு, அதை யாரும் கேக்க மாட்டேங்குறாங்க: ஒரே பொண்ண 12 படத்துல, அழும்போது, ஓடும்போது, முதுகு காட்டி நிக்கும்போதுன்னு வரைஞ்சா, அது அதே பொண்ணுதான்னு பார்க்கறவங்களுக்குத் தெரியுமா?

புத்தகம் போடுறவங்க தேடுறது அதைத்தான். ஒத்தப் படம் சூப்பரா வரையறவங்க இன்ஸ்டாகிராம் முழுக்க இருக்காங்க, ஆனா ஒரு கதையை முதல் பக்கத்துல எடுத்து கடைசிப் பக்கம் வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்குற ஆளுங்க கம்மி, எடிட்டர்ங்க அவங்களைத்தான் மறுபடி மறுபடி கூப்பிடுறாங்க. அதனால நான் சொல்லப் போறதுல முக்கியமானது இதுதான், ஒத்தப் படம் வரையறதை கொஞ்ச நாள் ஒதுக்கி வெச்சுட்டு ஒரு முழுக் கதை வரைஞ்சு முடிங்க. நான் பேசுறது குழந்தைங்க புத்தகம், பத்திரிகைப் படம் இந்த ரெண்டையும் வெச்சுத்தான். கேம், அனிமேஷன், விளம்பரம்னு போறவங்களுக்கு ஆளும் ரேட்டும் வேற, கைப்பயிற்சி மட்டும் கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல கடைக்குப் போய் பாருங்க

வரைய உக்கார்றதுக்கு முன்னாடி, யாருக்கு வரையப் போறோம்னு தெரியணும். சென்னையில இருந்தா ஜனவரி புத்தகக் காட்சிக்குப் போங்க, குழந்தைங்க புத்தகம் இருக்குற ஸ்டால்ல அரை நாள் நின்னு புரட்டுங்க. சென்னையிலயே துலிகா, தாரா புக்ஸ், கரடி டேல்ஸ்னு குழந்தைங்க புத்தகம் போடுற மூணு பேர் இருக்காங்க, பெங்களூர்ல பிரதம் புக்ஸ். நாலு பேரும் நாலு விதம். தாரா கோண்டு மாதிரி பழங்குடி ஓவியர்களோட சேர்ந்து, கையால சில்க் ஸ்க்ரீன்ல அச்சடிச்ச புத்தகங்களுக்குப் பேர் வாங்கினவங்க. துலிகா ஒரே புத்தகத்தை பல இந்திய மொழியில போடுறவங்க, ரெண்டு மொழி சேர்ந்து வர்ற புத்தகமும் உண்டு. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளம் 2015-ல வந்தது, அதுல ஆயிரக்கணக்கான படக்கதை இலவசமா படிக்கலாம், ஊர்ல இருக்குறவங்க அங்க இருந்தே ஆரம்பிங்க.

புரட்டும்போது பதிப்புரிமைப் பக்கத்தை விடாதீங்க. எடிட்டர் யாரு, டிசைன் யாரு, படம் யாருன்னு பெரும்பாலும் அங்க இருக்கும். உங்களுக்குப் பிடிச்ச 10 புத்தகத்துல இருந்து அந்தப் பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க, பின்னாடி மெயில் அனுப்ப அதுதான் லிஸ்ட்.

படிப்பு, டேப்லெட்

இது ரெண்டையும் சீக்கிரம் முடிச்சுடலாம். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல ஆரம்பிச்சது, கும்பகோணத்துலயும் ஒண்ணு இருக்கு, விகடன்ல கார்ட்டூன் வரைஞ்ச கோபுலு படிச்சது கும்பகோணத்துலதான். பன்னெண்டாவது முடிச்சுட்டு நிக்கிறீங்க, வீட்ல சம்மதம் இருக்குன்னா தாராளமா சேருங்க, தினமும் ஆளை உக்கார வெச்சு வரையற பழக்கமும் கூட வரையற நாலு ஃப்ரெண்ட்ஸும் வெளிய அவ்ளோ ஈசியா கிடைக்காது. ஆனா இன்ஜினியரிங் முடிச்சவங்களோ, குழந்தை பொறந்து வீட்ல இருக்குறவங்களோ இனிமே நமக்கு வழியில்லன்னு நினைக்க வேண்டாம், புத்தக வேலையில யாரும் சர்டிஃபிகேட் கேக்க மாட்டாங்க, படத்தைத்தான் கேப்பாங்க.

டேப்லெட்டுக்கு, ஸ்க்ரீன் இல்லாத சின்ன பென் டேப்லெட் நாலஞ்சு ஆயிரத்துல கிடைக்கும், வரையறதுக்கு கிரிட்டா சாஃப்ட்வேர் இலவசம், இதை வெச்சே அச்சுக்குப் போற புத்தகம் பண்ணலாம். ஐபேடு இருந்தா ப்ரோக்ரியேட்ங்குற வரையற ஆப்புக்கு ஒரு தடவ காசு குடுத்தா போதும். கடன் வாங்கி ஐபேடு வாங்கிட்டு அப்புறம் பழகலாம்னு மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பேப்பர்ல வாட்டர்கலரோ இங்க்கோ பண்ணி நல்ல ஸ்கேனர்ல ஸ்கேன் எடுத்து அனுப்புறவங்க இன்னைக்கும் இருக்காங்க, அவங்களுக்கும் வேலை வருது.

கை பழகறதுக்கு

பின்டரெஸ்ட்ல வர்ற போஸ் எல்லாம் பார்த்து வரைஞ்சா நம்ம ஆளுங்க உக்கார்ற மாதிரி வராது. திண்ணையில ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கப் போட்டு உக்கார்றது, இடுப்புல குழந்தையை வெச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுறது, லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு டீ ஆத்துறது, அரிவாள்மனையில குந்தி உக்காந்து மீன் நறுக்குறது, இதெல்லாம் நேர்ல பார்த்துத்தான் வரும். பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு ஆளையும் அரை நிமிஷத்துக்குள்ள வரையுங்க, முகம் வேண்டாம், உடம்பு எந்தப் பக்கம் சாயுது, வெயிட் எந்தக் கால்ல இருக்கு, அது மட்டும் போதும். கோபுலுவோட வசனமே இல்லாத ஜோக்குகளைத் தேடி எடுத்துப் பாருங்க, யாரு அதிகாரி, யாரு கடன்காரன்னு முதுகு வளைஞ்சிருக்குறதுலயே தெரியும்.

எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலைங்க இருக்குற பகுதிக்கு ஸ்கெட்ச்புக்கோட போங்க (வெள்ளிக்கிழமை லீவு). இடுப்பு ஒரு பக்கம், தோள் எதிர்ப்பக்கம் திரும்புறதை சோழர் காலத்து சிற்பிகிட்ட கத்துக்குற மாதிரி வேற எங்கயும் கத்துக்க முடியாது. சிலை அசையாது, நீங்க சுத்தி வந்து எட்டுப் பக்கத்துல இருந்தும் வரையலாம், உங்க கேரக்டரை திருப்பி வரையறதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல.

மாமல்லபுரம் போனா அர்ச்சுனன் தபசுல அந்தப் பெரிய யானைகிட்ட கீழ தேடுங்க, ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு கையைத் தூக்கி தவம் பண்ணும், சுத்தி எலிங்க. மேல ஒரு முனிவர் அதே மாதிரி நிக்கிறாரு. எழுத்து எதுவும் இல்லாம மூலையில ஒரு குட்டிக் கதையை வெச்சுருக்காங்க, அதுவும் 1300 வருஷத்துக்கு முன்னாடி. படக்கதை வரையறவங்க எல்லாரும் அதை ஒரு தடவ நேர்ல பார்க்கணும்னு நான் நினைக்கிறேன்.

முழுக் கதை: பாட்டி வடை சுட்டதையே எடுத்துக்கலாம்

இப்போ முக்கியமான வேலைக்கு வர்றோம். புதுசா கதை யோசிக்க வேண்டாம், எழுத்தாளர் தேட வேண்டாம், காக்கா வடை கதையையே எடுத்துக்கங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்குறதால படம் புதுசா ஏதாவது சொன்னாத்தான் பார்க்கறவங்க நிப்பாங்க, அதான் இதுல இருக்குற பயிற்சி. காப்பிரைட் பிரச்சனையும் கிடையாது.

படப் புத்தகம் 16, 24, 32ன்னுதான் வரும், பெரிய ஷீட்ல அச்சடிச்சு மடிச்சு வெட்டுறதால எட்டின் மடங்குலதான் பக்கம் போகும். 32 பக்கம்னா டைட்டில், பதிப்புரிமைப் பக்கமெல்லாம் போக உங்க கையில 12-ல இருந்து 14 ஸ்ப்ரெட் இருக்கும், அதாவது புத்தகத்தை விரிச்சா தெரியுற ரெண்டு பக்கம் சேர்ந்தது ஒரு ஸ்ப்ரெட். நாலு ஏ4 பேப்பரை நடுவுல மடிச்சு ஸ்டேபிள் அடிச்சா 16 பக்கம், எட்டு பேப்பர்னா 32. இதுக்குப் பேரு டம்மி. இதுலதான் முதல்ல வரையணும், தீக்குச்சி மனுஷன் மாதிரி ரஃப்பா இருந்தா போதும்.

இனிமேதான் யோசனை. பாட்டி கடை எங்க இருக்கு? மரத்தடின்னு எல்லாரும் போடுவாங்க, நீங்க அதை மதுரை பஸ் ஸ்டாண்டுல வைங்க, இல்ல தூத்துக்குடி ஹார்பர் வாசல்ல வைங்க, அப்போ பாட்டி யாரு, யாருக்கு வடை விக்கிறாங்க, காக்கா எங்க உக்காரும்னு எல்லாமே மாறிடும். நரி அங்க எப்படி வந்துச்சுங்குறதுக்கு உங்க படம்தான் பதில் சொல்லணும். அடுத்து பக்கம் திருப்புற இடம், காக்கா வாயைத் திறக்குறது வலது பக்கத்து ஓரத்துல இருக்கணும், வடை விழறது பக்கம் திருப்புனதுக்கு அப்புறம் தெரியணும். ரெண்டையும் ஒரே ஸ்ப்ரெட்ல வெச்சுட்டா குழந்தைக்கு திருப்புறதுக்கு அவசரமே இருக்காது. அதே மாதிரி எல்லா ஸ்ப்ரெட்டும் முழு உருவம், நடு தூரம்னு ஒரே அளவுல இருந்தா சலிச்சுடும், ஒண்ணு மரத்து மேல இருந்து பார்க்குற மாதிரி, ஒண்ணு எண்ணெய்ச் சட்டி மட்டும் குளோஸப், ஒண்ணு முழு பஸ் ஸ்டாண்டும் தெரியுற மாதிரின்னு மாத்தி மாத்திப் போடுங்க. டம்மியை வாசிச்சுக் காட்டாம சும்மா ஒரு குழந்தை கையில குடுத்துப் பாருங்க, எந்தப் பக்கத்துல நிக்குது, எதை வேகமாத் தாண்டுதுன்னு கவனிச்சாலே பாதி கரெக்ஷன் தெரிஞ்சுடும்.

டம்மி சரியா வந்த அப்புறம்தான் கேரக்டர் ஷீட். பாட்டியை முன்னாடி, பக்கவாட்டு, பின்னாடின்னு, சிரிக்கும்போது, கோவப்படும்போதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு எதிர்ல ஒட்டி வைங்க. மூக்குத்தி எந்தப் பக்கம், கொண்டை எவ்ளோ உயரம், புடவை பார்டர் என்ன கலர், எல்லாம் அங்க முடிவாகிடணும். ஏழாவது ஸ்ப்ரெட்ல மூக்குத்தி பக்கம் மாறுனா எடிட்டர் விட்டாலும் அஞ்சு வயசுக் குழந்தை கண்டுபிடிச்சுடும்.

அப்புறம் எல்லா ஸ்ப்ரெட்டையும் ஃபைனல் பண்ணணும்னு அவசியம் இல்ல. 12-க்கும் சுத்தமான ரஃப், அதுல மூணு மட்டும் முழுக் கலர்ல, கூட ஒரு கவர். போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது எடிட்டருக்குக் காட்டுற உங்க படத் தொகுப்புக்கு, இந்தக் கதையில இருந்து இது போதும்.

ஃபைல் எப்படி குடுக்கணும்

300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), ஒரு ஏ4 பக்கம்னா 2480க்கு 3508 பிக்சல், சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடணும், அதாவது வெட்டுற கோட்டுக்கு வெளியயும் படத்தை நீட்டி வரையணும், வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியக்கூடாதுன்னுதான் இது. நடு மடிப்புல முகத்தை வைக்கவே வைக்காதீங்க, தையல் உள்ள மூக்கு போயிடும். ஸ்க்ரீன்ல பளிச்னு தெரியுற பச்சை, நீலம், வயலட் எல்லாம் அச்சுல மங்கிடும், அதனால ஆரம்பத்துலயே சிஎம்ஒய்கே (அச்சுல போடுற நாலு மை) ப்ரிவ்யூ போட்டுப் பார்த்து வேலை செய்யுங்க.

எழுத்துக்கு இடம் விடுறது தனிக் கலை. ஆங்கிலத்துல ரெண்டு வரியில முடியுறது தமிழ்ல மூணு வரி ஆகும், புத்தகம் பல மொழியில போகும்னா பெரிய மொழிக்கு இடம் விட்டு வரையணும், அந்த இடத்துல பின்னணி வெளிர் நிறமா, அமைதியா இருக்கணும். எழுத்து வெறும் கருப்புலதான் இருக்கணும், ஏன்னா மொழி மாத்தும்போது அச்சுல ஒவ்வொரு மைக்கும் இருக்குற தனித் தகட்டுல கருப்பு ப்ளேட்டை மட்டும் மாத்துனா போதும், கலர் ப்ளேட்டுங்க அப்படியே இருக்கும், செலவு குறையும். பாட்டி கடை போர்டுல "சூடான வடை"ன்னு எழுதுறீங்கன்னா அதைத் தனி லேயர்ல வைங்க, இந்திப் பதிப்புக்கு அதை மாத்தணும். இதைச் சொல்லாமலே செஞ்சு குடுத்தா டிசைனருக்கு உங்க பேர் மறக்காது.

ஸ்டைல் எப்போ வரும்?

ஸ்டைலைத் தேடிக்கிட்டே வருஷக்கணக்கா ஒண்ணுமே முடிக்காம இருக்குற பசங்களைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கு. ஓவியர் ஆதிமூலம் ஜூனியர் விகடன்ல கி.ராஜநாராயணன் எழுதினதுக்கு வரைஞ்ச கோடுங்களைப் பாருங்க, காஞ்ச முள்ளு மாதிரி சொறசொறன்னு இருக்கும். கரிசல் காட்டு ஆளுங்களைப் பத்தின எழுத்துக்கு அந்தக் கோடு அவ்ளோ பொருந்திப் போச்சு. அதே ஆதிமூலம் பெரிய கேன்வாஸ்ல உருவமே இல்லாம வெறும் கலரை வெச்சு பெயிண்ட் பண்ணவரு. ஓவியர் சில்பி கோவிலுக்குள்ள உக்காந்து சிலையையும் தூணையும் நேர்ல பார்த்து நுணுக்கி நுணுக்கி வரைஞ்சாரு, அவருக்கு முன்னாடி கல்லு இருந்துச்சு, அதனால கோடு அப்படி வந்துச்சு. விஷயம் என்ன கேக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி கையை ஓட விடுங்க, மூணு நாலு முழுக் கதை முடிச்ச அப்புறம் எல்லாத்தையும் தரையில பரப்பிப் பார்த்தா உங்களுக்கே ஒண்ணு தெரியும். பிடிச்ச ஆர்ட்டிஸ்டைப் பார்த்து காப்பி பண்ணிப் பழகலாம், தப்பே இல்ல, ஆனா அதை போர்ட்ஃபோலியோவுல வைக்கக்கூடாது.

போர்ட்ஃபோலியோவும் மெயிலும்

12 படம் போதும், அதுல எட்டு ஒரே கதையில இருந்து வரலாம். எந்த வேலை வேணுமோ அது மட்டும்தான் இருக்கணும், குழந்தைங்க புத்தகத்துக்கு அனுப்பும்போது நடிகர் போர்ட்ரெய்ட் வேண்டாம், எவ்ளோ தத்ரூபமா இருந்தாலும் வேண்டாம். குழந்தை, பெரியவங்க, மிருகம், வீட்டுக்குள்ள, வெளிய, கூட்டம், இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. பேக்கிரவுண்டே இல்லாம வெள்ளையில மிதக்குற கேரக்டரா இருந்தா, இவருக்கு இடம் வரைய வராதோன்னு எடிட்டருக்கு சந்தேகம் வரும்.

மெயில் அஞ்சு வரி. நான் யாரு, எந்த ஊரு, உங்க இந்தப் புத்தகம் எனக்கு ஏன் பிடிச்சது, இது என் வேலை, இது என் நம்பர். 5 எம்பிக்குள்ள ஒரு பிடிஎஃப், ஒரு லிங்க், அவ்ளோதான். 20 ஜேபெக் அட்டாச் பண்ணா யாரும் திறக்க மாட்டாங்க. பதில் வரலைன்னா ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவ நினைவூட்டுங்க, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு புதுப் படத்தோட போங்க. பதில் வரலைங்குறதுக்கு பெரும்பாலும் இப்போதைக்கு உங்க கைக்குப் பொருந்துற கதை இல்லைங்குறதுதான் காரணம். எழுத்தாளரை நீங்க கூட்டிட்டுப் போகணும்னு இல்ல, கதைக்கு ஆளைப் பொருத்துறது எடிட்டர் வேலை.

எவ்ளோ கேக்குறது, எதுல கையெழுத்து போடுறது

ரேட் கார்டு ஒண்ணு எங்கயாவது இருக்கும்னு தேடாதீங்க, உங்க நாளைக் கணக்குப் போடுங்க. ஒரு ஸ்ப்ரெட்டுக்கு ரஃப் ஒரு நாள், ஃபைனல் ரெண்டரை நாள், கரெக்ஷன் அரை நாள்னா நாலு நாள். 12 ஸ்ப்ரெட்டுக்கு 48 நாள். கவர், கேரக்டர் ஷீட், டம்மி எல்லாம் சேர்த்து இன்னும் 12 நாள், மொத்தம் 60. மாசத்துக்கு 24 நாள் வேலை செஞ்சா ரெண்டரை மாசம். உங்க மாசச் செலவும் கரண்ட், நெட், சாஃப்ட்வேரும் சேர்த்து 35,000 வேணும்னா இந்தப் புத்தகம் 87,500-க்குக் கீழ போனா நீங்க கைக்காசு போட்டு வரையறீங்கன்னு அர்த்தம். சின்ன பப்ளிஷரால அவ்ளோ குடுக்க முடியாதுன்னா, அவங்களால முடிஞ்ச காசுக்கு எளிமையான படம், கம்மி பக்கம், ரெண்டு கலர் மட்டும், இப்படிப் பேசிப் பாருங்க. வேலையைக் குறைக்காம காசை மட்டும் குறைக்காதீங்க. "இப்போ சும்மா பண்ணுங்க, பேர் கிடைக்கும்"னு லாபத்துக்கு நடத்துறவங்க கேட்டா மரியாதையா முடியாதுன்னு சொல்லிடுங்க, நீங்க சும்மா பண்ணா அடுத்து வர்ற பையனும் சும்மா பண்ண வேண்டி வரும்.

கான்ட்ராக்டுக்கு இன்னும் கவனம் வேணும். 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டப்படி வரைஞ்ச உடனே உரிமை வந்துடும், ரெஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல, வரைஞ்சவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் இருக்கும். ஆனா 17-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க, காசு குடுத்து ஒருத்தர் கேட்டு வரைய வெச்ச பெயிண்டிங், போர்ட்ரெய்ட் இதுக்கெல்லாம், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் வரைய வெச்சவர்தான்னு இருக்கு. சம்பளத்துக்கு இருந்து வரையறதும் பொதுவா முதலாளிக்குத்தான் போகும். அதனால ஃப்ரீலான்ஸ்ல "படத்தோட காப்பிரைட் இல்லஸ்ட்ரேட்டருக்கு, பப்ளிஷருக்கு இந்தப் புத்தகத்துக்கான உரிமை மட்டும்"னு ஒரு வரி எழுத்துல இருந்தே ஆகணும்.

உரிமையை எழுதிக் குடுக்கறதா இருந்தா 19-வது பிரிவு உங்க பக்கம் இருக்கு. அது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், எந்தப் படம், என்ன உரிமை, எவ்ளோ காலம், எந்த நாடுன்னு குறிப்பிடணும். காலம் போடலைன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்கணும், இடம் போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். "எல்லா உரிமையும், எல்லா வடிவத்துலயும், உலகம் முழுக்க, என்னைக்கும்"னு ஒரு வரி வந்தா அங்க நிறுத்திப் பேசுங்க, அந்தக் காக்கா நாளைக்கு டி-ஷர்ட்லயும் ஸ்கூல் பேக்லயும் வந்தா உங்களுக்கு ஒண்ணும் வராது. அப்படித்தான் வேணும்னா ரேட் வேற. படத்துக்குப் பேர் போடுறதுக்கு 57-வது பிரிவு இருக்கு, காப்பிரைட்டை வித்த அப்புறமும் இது நான் வரைஞ்சதுன்னு சொல்ற உரிமை உங்களோடதுதான். கவர்லயே பேர் வரணும்னு இப்பவே கேளுங்க.

இன்னும் எழுதிக்க வேண்டியது: அட்வான்ஸ் எவ்ளோ, ரஃப் ஓகே ஆனதும் எவ்ளோ, எத்தனை தடவ கரெக்ஷன், ரஃப் ஓகே ஆன அப்புறம் கதையை மாத்துனா தனிக் காசு, பாதியில புத்தகம் நின்னா முடிச்ச வேலைக்கு எவ்ளோ. அட்வான்ஸ் வராம ஃபைனல் தொடாதீங்க. பில்லுல பான் நம்பர் போடுங்க, புரொஃபஷனல் ஃபீஸ்னா பொதுவா 10% டிடிஎஸ் (காசு குடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிப்பாங்க, பான் இல்லைன்னா 20%. வரி கட்டுற அளவு வருமானம் இல்லைன்னா ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கிடலாம், நிறைய பேர் இதைச் செய்யாம காசை விட்டுடுறாங்க. ஜிஎஸ்டி பத்தி இப்போ கவலை வேண்டாம், வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டும்போது பார்த்துக்கலாம்.

ஏஐ வந்துடுச்சே?

வந்துடுச்சு, சின்னச் சின்ன போஸ்டர், சோஷியல் மீடியா படம்னு சில வேலைங்க போகுது, அதை மறைச்சுப் பேச எனக்கு விருப்பம் இல்ல. அதனாலதான் ஒத்தப் படத்தை நம்பாதீங்கன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். எடிட்டர் "ஆறாவது பக்கத்துல பாட்டி கோவமா இல்ல, ஏமாந்து போயிருக்காங்க"ன்னு சொன்னா, அதைப் புரிஞ்சுக்கிட்டு தோளை மட்டும் கொஞ்சம் இறக்கி வரையறது கதைக்குள்ள இருக்குற ஆளோட வேலை. உங்க ரஃப், லேயர் ஃபைல், ஸ்கெட்ச்புக் எதையும் தூக்கிப் போடாதீங்க, கையால வரைஞ்சதுதானான்னு கேட்டா காட்டணும்.

புத்தகம் அச்சாகும்போது

ப்ரூஃப், அதாவது சரிபார்க்க எடுக்குற மாதிரி அச்சு, வந்ததும் உங்களுக்கும் அனுப்பச் சொல்லி முதல்லயே கேட்டு வெச்சுடுங்க. ஃபைலை ஸ்க்ரீன்ல திறந்து பக்கத்துல ப்ரூஃபை வெச்சு பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு ஸ்ப்ரெட்டா பாருங்க. ராத்திரிக் காட்சி எவ்ளோ இருட்டாச்சு, தோல் நிறம் சிவப்பா போச்சா, மெல்லிசான கோடு எங்க உடைஞ்சுது, எல்லாத்தையும் குறிச்சு ஒரே மெயில்ல டிசைனருக்கு அனுப்புங்க, தனித்தனியா வாட்ஸப்புல அனுப்பி அவங்களைப் படுத்தாதீங்க. மாத்த முடிஞ்சதை அவங்க மாத்துவாங்க, முடியாததை அடுத்த புத்தகத்துக்கு உங்க நோட்டுல எழுதிக்கங்க. உங்களுக்கு வர வேண்டிய காப்பி எத்தனைன்னு கான்ட்ராக்ட்ல பார்த்து கேட்டு வாங்குங்க, அதுல ரெண்டை மடங்காம எடுத்து வைங்க, அடுத்த எடிட்டரை நேர்ல பார்க்கும்போது பிடிஎஃபைவிட அதுதான் கை குடுக்கும்.